பிக்சர் ட்யூபில் தங்கிய கரண்ட்

ஏப்ரல் 5, சனி

காலையிலேயே வெயில். குழாய்த் தண்ணீர் எட்டு மணிக்கே சூடு.

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை. எழுதிவைக்கும் அளவுக்கு என் நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. இது ஆபீஸில் கொடுத்த டைரி. கோலம் வரைந்து வைக்க அம்மா கேட்டாள், தர மாட்டேன் என்றேன். அதற்கும் சேர்த்து. வாயில் வராததை எங்காவது வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று ஆனவை:
பக்கப் பலகை இரண்டுக்கும் நியூஸ்பேப்பர் ஒட்டி அளவு வரைந்தது. உயரம் என்னைவிட இரண்டு விரல் அதிகம்.
வாசல் கதவு அளந்தது. பெட்டி வெளியே போகும், ஆனால் பக்கவாட்டில்தான்.
ஆணி தேவை. மரப் பசை தேவை.
சோப்பு (அம்மா).

செய்வது வீடியோ கேம் பெட்டி. முன்பு கடைகளில் காசு போட்டு, நின்றுகொண்டே ஆடுவார்களே, அந்த மாதிரி. எங்கள் ஆபீஸில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், ஒருமுறைகூட ஆடியதில்லை. எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். தோற்றால் சிரிப்பார்கள். ஜெயித்தால் பெயர் கேட்பார்கள். அதனால் எனக்கென்று ஒன்று, வீட்டில், யாரும் பார்க்காத இடத்தில்.

ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யாரும் பார்க்காத இடம் கிடையாது. மறந்துவிட்டேன். மதியத்துக்குள் மூன்று பேர். "இன்னாமே இது, ஓட்டு போடற டப்பாவா?" "பீரோவா? பீரோன்னா கதவு எங்க?" நான் சிரித்து வைத்தேன்.

நைனா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து வந்து, என் கையிலிருந்த ரம்பத்தை வாங்கிக்கொண்டார். சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்டில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி. போன வருடம் மூச்சு முடியாமல் அதையும் விட்டார். அன்றிலிருந்து கட்டில், பேப்பர், ரேடியோ. இன்று இரண்டு மணி நேரம் நின்று அறுத்தார். இருமல் வந்தபோது திரும்பி நின்று இருமினார், நான் பார்க்கக் கூடாதென்று.


ஏப்ரல் 8, செவ்வாய்

ரயில் இருபது நிமிடம் லேட். ஆபீஸ் வழக்கம்போல்.

பட்டன் பலகை கிடைத்தது. பெங்களூரில் எஸ்.பி. ரோடு கடையில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பட்டன், இரண்டு ஜாய்ஸ்டிக். மடியில் வைத்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் வந்தேன். வழியெல்லாம் ஆளாளுக்கு அழுத்திப் பார்த்தார்கள். டிக் டிக் என்று ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம்.

"லிஃப்ட்டுக்கா?"

"இவ நைனா சுரங்க கேஜ்ல பூமிக்குள்ள போனாரு. இவ லிஃப்ட் கட்டி மாடிக்குப் போறா."

இதைச் சொன்னது மேரி அக்கா. தினமும் எனக்கு எதிர் சீட். பெட்டி முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். ஏன் இப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று எட்வின் அண்ணன் டிவி கொண்டுவந்தார்.

ஆண்டர்சன்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் டிவி மட்டும்தான், இப்போது மிக்ஸி, ஃபேன், அயர்ன்பாக்ஸ் எது வந்தாலும். அதோடு மைக், சீரியல் லைட் வாடகை. அவருடைய சர்ச்சுக்கும் அவர்தான், எங்கள் விகாரில் புத்த பௌர்ணமிக்கும் அவர்தான். குருத்தோலை ஞாயிறு. சர்ச் முடிந்து நேராக வந்திருந்தார், சட்டைப் பையில் ஓலைச் சிலுவை. பழைய பெரிய ட்யூப் டிவி. காசு வேண்டாம் என்றுவிட்டார். "கடையில தூசி தின்னுகினு கீது. உன் பெட்டிக்குள்ள போயாவது பொழைக்கட்டும்." புது டிவியில் பழைய கேம் சப்பென்று இருக்கும், ட்யூபில்தான் அந்தக் கலர் வரும் என்றும் சொன்னார். உண்மைதான். போட்டுக் காட்டினார்.

பிளாஸ்டிக் கூட்டோடு வைத்தால் பெட்டிக்குள் நுழையாது. கழற்றி, உள்ளே இருப்பதை மட்டும் மாட்ட வேண்டும். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"ஸ்விட்ச்ச அணைச்சிட்டோம், பிளக்கப் புடுங்கிட்டோம்னு கை வெச்சிடாத. பிக்சர் ட்யூப் கரண்ட்ட உள்ளயே வெச்சிகினு இருக்கும். மேல ரப்பர் தொப்பி மாரி ஒண்ணு கீது பாரு, அதுக்கு அடியில. நாள் கணக்கா இருக்கும். ஸ்க்ரூடிரைவர்ல ஒயர் கட்டி, இன்னொரு முனைய அந்தக் கம்பிச் சட்டத்துல மாட்டி, ஒத்தக் கையால அந்தத் தொப்பிக்கு அடியில உட்டு எறக்கணும். ரெண்டு வாட்டி. நீ பண்ணாத. இந்த வாரம் பூரா எனக்கு சர்ச்சுல வேல, ஈஸ்டர் முடியட்டும். திங்கட்கெழம நானே வந்து கழட்டித் தரேன். வீட்ல சொல்லிடு. முக்கியமா உங்க நைனா கிட்ட. அவரு கரண்ட் ஆளு, கை சும்மா இருக்காது."

நைனா அப்போது வீட்டில் இல்லை. நாளைய ஊர்வல ஏற்பாட்டுக்காக விகாரில். அம்மா குழாயடியில். கேட்டது நான் மட்டும்தான்.


ஏப்ரல் 14, திங்கள்

லீவு. பாபாசாகேப் பிறந்தநாள். ஊர்வலம், நீலக் கொடி, பாயசம். நைனா வெள்ளைச் சட்டை.

ஊர்வலம் முடிந்து ஆறு பேரை வீட்டுக்கு அழைத்துவந்தார், பெட்டியைக் காட்ட. "எம் பொண்ணு செய்யுது. டிசைன் பூரா அதுது. நான் ஹெல்ப்பர்." அவர் யாரிடமும் எதையும் இப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை. நான் சமையலறையிலேயே இருந்தேன், டம்ளர் கழுவும் சாக்கில்.

எட்வின் அண்ணன் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. வீடு முழுக்க ஆட்கள். நாளை.


ஏப்ரல் 16, புதன்

பட்டன் ஒயரிங் பாதி. சிவப்பு முடிந்துவிட்டது, பச்சை ஒயரில் தொடர்ந்தேன். உள்ளங்கை அளவு போர்டு ஒன்று, அதுதான் கம்ப்யூட்டர். அதில் கேம் ஓடுகிறது. ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் கீழே போகிறது. ஒயர் இரண்டு மாறிவிட்டது. மாற்றினேன்.

வந்தபோது நைனா தூங்கிவிட்டார். சொல்லவில்லை. எப்படியும் திங்கட்கிழமைதானே கழற்றப் போகிறோம்.


ஏப்ரல் 18, வெள்ளி

ஆஸ்பத்திரி. நைனா. எழுத முடியவில்லை.


ஏப்ரல் 19, சனி

இன்னும் ஆஸ்பத்திரி. பெஞ்ச். அம்மா உள்ளே. நேற்றையதை வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

புனித வெள்ளி, எனக்கு லீவு. பதினொரு மணிக்கு மணி பெரியப்பா வந்தார். விகார் கமிட்டித் தலைவர், நைனாவோடு ஒரே ஷிஃப்ட்டில் இருந்தவர். இருவரும் டீ குடித்தார்கள். நைனா டிவியைத் தட்டிப் பார்த்து, "திங்கட்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு எட்வினுக்காக ஒக்காந்துகினு? ஸ்க்ரூ நாலுதான்" என்றார். திங்கட்கிழமை எட்வின் அண்ணன் வருகிறார் என்பது வரை சொல்லியிருந்தேன். ஏன் என்பதைச் சொல்லவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, பேனாவால் தன் பெயரை எழுதி, ஓட்டை போட்டு, பிளக்கில் கட்டினார். சுரங்கத்தில் அப்படித்தானாம். லைனில் கை வைப்பவன் ஸ்விட்சில் தன் பெயர் போட்ட டேக் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான்.

"டேக் போட்டவன்தான் டேக்க எடுக்கணும். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது."

"டேக் தொங்குதுன்னா எமன்கூட சுவிட்ச்சாண்ட வரமாட்டான்" என்றார் மணி பெரியப்பா.

இருவரும் சிரித்தார்கள். நைனா பின்மூடியைக் கழற்றினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது.

"நைனா, அதுல…"

"இன்னா? லைன் கட் பண்ணியாச்சு. டேக் போட்டாச்சு. அப்புறம் இன்னா?"

மணி பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல நைனா."

இதைச் சொன்னது நான்தான். ஒண்ணுமில்ல.

கை உள்ளே போனது. 'டப்' என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. நைனா பின்னால் எகிறி, கட்டில் காலில் தலை மோதி விழுந்தார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. மணி பெரியப்பா "கரண்ட்ட அணை, கரண்ட்ட அணை" என்று கத்தினார். அணைக்க எதுவும் இல்லை. பிளக் தரையில் கிடந்தது, டேக்கோடு.

பக்கத்து வீட்டு ஆட்டோ. நர்ஸ் கன்னடத்தில் "ஏனாய்த்து?" என்றாள், என்ன ஆச்சு என்று. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் எனக்கு வரும், ஒன்றிலும் பதில் வரவில்லை. மணி பெரியப்பாதான் சொன்னார்.

டாக்டர் சொன்னவை: இதயத் துடிப்பு சீராக இல்லை, இரண்டு நாள் பார்க்க வேண்டும். தலையில் நான்கு தையல். வலது கை விரல்களில் உணர்ச்சி குறைவு, திரும்ப வரலாம். எப்போது என்று கேட்டேன். "பார்க்கலாம்."


ஏப்ரல் 20, ஞாயிறு

ஈசிஜி மூன்றாவது. பரவாயில்லை என்கிறார்கள்.

எட்வின் அண்ணன் ஈஸ்டர் சாப்பாட்டோடு வந்தார். டிபன் கேரியர், புதுச் சட்டை. வார்டு வாசலிலேயே அம்மா மறித்துவிட்டாள்.

"எங்க வந்த? கீறாரா போயிட்டாரான்னு பாக்க வந்தியா?"

"அக்கா, நான்…"

"உயிரோட கீற பாம்ப டப்பால போட்டுக் குடுத்துட்டு, சோறு எடுத்துகினு வந்துட்டான். ஓசியாக் குடுத்தானே, அப்பவே யோசிச்சிருக்கணும் நானு. ஒரு வார்த்த சொன்னியாடா நீ? உள்ள கரண்டு கீதுன்னு ஒரு வார்த்த?"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எட்வின் அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு.

"என் தப்புதான் அக்கா" என்றார். "நானே வந்து கழட்டியிருக்கணும்."

கேரியரை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைத் தொடவில்லை. மத்தியானம் நான் திறந்தேன். ஒரு வாய். இறங்கவில்லை.


ஏப்ரல் 22, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன். மெசேஜில்.

நைனா வலது கையால் டீ டம்ளர் எடுத்தார். நழுவியது. அம்மா துடைத்தாள். இரண்டாவது டம்ளரை இடது கையால் எடுத்தார்.

மாலை மணி பெரியப்பா. "பௌர்ணமிக்கு மைக்கு, லைட்டு அவனுக்குக் குடுக்கக் கூடாது. கொழந்தைங்க ஓடற எடம். ராபர்ட்சன்பேட்டைல வேற ஆள் பாத்துட்டேன். நீ ஒரு வார்த்த சொன்னா கமிட்டி ஒத்துக்கும். அடிபட்டவன் நீ."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். "மே நாலு மீட்டிங்ல பேசிக்கலாம்."


ஏப்ரல் 24, வியாழன்

ரயில் சரியான நேரம். மேரி அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். இரக்கம்.

"அந்த ஆண்டர்சன்பேட்ட எட்வின் குடுத்த டிவிதான? எங்க மிக்ஸி அவன்கிட்டதான் இருந்துச்சு. நேத்தே போயி வாங்கிட்டேன், ரிப்பேரும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு."

"தெரிஞ்சே குடுத்தானாமே?"

"தெரியாம இருக்குமா? அதான தொழிலு."

நான் பேசியிருக்கலாம். பங்காருப்பேட்டை வரை நேரம் இருந்தது. பேசவில்லை. பங்காருப்பேட்டை போனது, டைகல் போனது, மாலூர் போனது. ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே இருந்தேன்.


ஏப்ரல் 26, சனி

டிவி இன்னும் அதே மூலையில், மூடி கழன்றபடி. மேலே பழைய போர்வை. அம்மா அந்தப் பக்கம் பெருக்குவதே இல்லை, தூசி ஒரு கோடாகவே நிற்கிறது. தூக்கி வெளியே போடவும் யாருக்கும் தைரியமில்லை. எட்வின் அண்ணனைக் கூப்பிட முடியாது. உள்ளே இன்னும் இருக்கலாம்.

அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் ஆரம்பித்தேன். ரப்பர் செருப்பு. வளையல் கழற்றியது. ஸ்க்ரூடிரைவரில் ஒயர், மறுமுனை கம்பிச் சட்டத்தில். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வலது கையால் ரப்பர் தொப்பிக்கு அடியில் மெதுவாக.

'டிக்.' சின்னதாக. பட்டன் அழுத்துகிற மாதிரிதான் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. ஒன்றுமில்லை.

திரும்பினால் நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ தெரியவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"போன்ல பாத்தேன் நைனா."

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது."

"ம்." ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வாட்டி பண்ணணுமா?"

"ஆமா."

"ம்."

முன்பு சொல்லாமல் விட்டேன். இன்று பொய் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்றில்லை, இது அதைவிட மோசம் என்று எழுதும்போதுதான் தெரிகிறது.


ஏப்ரல் 30, புதன்

தலைவலி என்று ஆபீஸில் சீக்கிரம் கிளம்பி, டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க ஆண்டர்சன்பேட்டை போனேன். வீட்டில் சொல்லவில்லை.

கடையில் எட்வின் அண்ணன் மட்டும். ஷெல்ஃபில் சீட்டு ஒட்டிய மிக்ஸிகள் வரிசையாக இருக்கும். இன்று இரண்டுதான். ஸ்பீக்கர்களுக்குத் துணி போர்த்தியிருந்தது.

"நைனாவுக்குக் கை எப்பிடி கீது?"

"பரவால்ல. சட்ட பட்டன் போட வரல."

"சூடு தண்ணில வெச்சு வெரல மடக்கச் சொல்லு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அண்ணா, நீங்க ஏன் சொல்லல? என்கிட்ட சொன்னீங்கன்னு."

அயர்ன்பாக்ஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினார். "சொல்லி? உங்கம்மா என்னைக் கத்தனத உன்னைப் பாத்துக் கத்தும். அதே எடத்துல. அந்தப் பக்கம் நைனா படுத்துகினு. நீ தாங்குவியா?"

நான் கேரியரை மேஜையில் வைத்தேன்.

"நான் தாங்கிப்பேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. எம் பொண்டாட்டி தாங்கமாட்டா. நேத்து தண்ணி புடிக்கப் போன எடத்துல இன்னாவோ சொல்லிட்டாங்க. வந்து கேக்குறா, 'அந்தப் பொண்ணுக்குப் படிப்பு குடுத்தாங்க, வாய் குடுக்கலியா?'ன்னு."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வெளியே வந்து சர்ச் சுவர் ஓரமாக நின்றேன், முகம் சரியாகும்வரை.


மே 1, வியாழன்

லீவு. மழை வரும் போல இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை.

ட்யூபைப் பெட்டிக்குள் மாட்டினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தடுக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் அது இன்னும் பயமாக மூலையில் கிடக்கும் என்று நைனா சொன்னதால். பின்பக்கக் கதவுக்குப் பூட்டு போட்டேன். சாவி என்னிடம்.

பட்டன் அத்தனையும் வேலை செய்கிறது. கலர் எட்வின் அண்ணன் சொன்ன மாதிரியே வருகிறது, மஞ்சள் நிஜ மஞ்சள். ஆசைப்பட்ட மாதிரியே வீட்டில் நான் மட்டும் அதன் முன்னால். கை போகவில்லை. கேம் தானாகவே ஓடிக் காட்டிக்கொண்டிருந்தது.

நைனா வந்து பக்கத்தில் நின்றார். இடது கையால் ஒரு பட்டனை அழுத்தினார்.

"இப்ப அணைச்சாலும் உள்ள இருக்குமா?"

"இருக்கும் நைனா."

"எவ்ளோ நேரம்?"

"நாள் கணக்கா."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்வின் முப்பது வருசமா டிவி பாக்கறான். அவனுக்கு இது தெரியாம இருக்காது."

நான் ஜாய்ஸ்டிக்கைத் துணியால் துடைத்தேன்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லாம குடுத்துட்டுப் போயிருக்கான். அவன் அப்பிடிப்பட்ட ஆள்னு நெனைக்கல நானு. மணி சொல்றது சரிதான் போல."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். நான் பெட்டியை அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு மூன்று நாள்.


மே 3, சனி

அரிசி ஊறவைத்தது. துணி இரண்டு வாளி. பூனை மீன் தலையைத் தூக்கிப் போயிற்று, அம்மா அதையும் எட்வின் கணக்கில் திட்டினாள்.

குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் திறந்துவிட்டு. நான்கு வாக்கியம்தான். மூன்றாவதில் குரல் போய்விடுகிறது.

எத்தனை தடவை சொல்லியிருக்கலாம்: 13, 14, 16, 18. ஆஸ்பத்திரி வாசல். ரயில். 26. முந்தாநாள்.

எட்டு.


மே 4, ஞாயிறு

மீட்டிங் பத்து மணிக்கு. இப்போது ஒன்பதே முக்கால். வேகமாக எழுதுகிறேன்.

அம்மா நைனாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். விரல் இன்னும் பட்டனைப் பிடிக்கவில்லை. மூன்றாவது பட்டனில் சொல்லிவிட்டேன்.

"நைனா, எட்வின் அண்ணன் சொன்னாரு."

"இன்னா சொன்னான்?"

"டிவி கொண்டாந்த அன்னிக்கே. அணைச்சாலும் ட்யூப்ல கரண்ட் இருக்கும், கை வெக்காதீங்க, நானே வந்து கழட்டறேன், உங்க நைனா கிட்ட முக்கியமா சொல்லிடுன்னு. நான்தான் சொல்லல. போன்ல பாத்தேன்னதும் பொய்."

அம்மாவின் கை பட்டனிலேயே நின்றது.

நைனா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீங்க டேக் போட்டுட்டீங்க. பெரியப்பா பாத்துகினு இருந்தாரு. அவரு முன்னாடி நீங்க செய்யறது தப்புன்னு…"

"சொல்லியிருந்தா அடிச்சிருப்பனா?"

"இல்ல."

"திட்டியிருப்பனா?"

"இல்ல நைனா."

"அப்புறம்?"

அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தார் அன்றைக்கு. அதை எப்படிச் சொல்வது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்த மனுசன நான்…" என்று தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நைனா இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினார். பிறகு, "செரி. உன் பேரு வாணாம். நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வரும், லைன் பூரா பேசுவாங்க. நான் மீட்டிங்ல சொல்லிக்கறேன், போனது போச்சு, எட்வின மன்னிச்சு உட்டுடலாம், இந்த வாட்டியும் அவனே செய்யட்டும்னு. முடிஞ்சுது. நீ வீட்ல இரு."

எழுந்து செருப்பு தேடப் போனார்.

எனக்காகச் சொல்கிறார், தெரிகிறது. வேலையும் எட்வின் அண்ணனுக்குக் கிடைத்துவிடும். ஆனால் மன்னிக்கப்பட்டவராக விகாரில் லைட் கட்டுவார். மேரி அக்கா, குழாயடி, எல்லாருக்கும் அவர் மன்னிக்கப்பட்ட ஆளாகவே இருப்பார். செய்யாத ஒன்றுக்கு.

ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தேடுகிறார். நான் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் கேட்கப்போகிறேன், எழுதியபடியே, ஒரு வார்த்தை விடாமல்:

நைனா, மன்னிக்கறதுக்கு அவரு ஒண்ணும் பண்ணல. நானும் மீட்டிங்குக்கு வரேன். எல்லார் முன்னாடியும் நான் சொல்லணும். குரல் நடுங்கும், பாதியில நின்னாலும் நிக்கும். நீங்க எனக்காகப் பேசிடாதீங்க. நான் முடிக்கற வரைக்கும் என்னைப் பேச விடுங்க.